பந்தயக் கார்களின் பூர்வீகம் தேடிய எங்கள் அக்கா

எங்கள் அழைப்பை மதித்து வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது, யார் மனமும் நோகக் கூடாது என்று வீட்டில் சொன்னார்கள். நான் சிவகாசியில் அச்சகம் நடத்துகிறவன். இதுபோன்ற மலர்கள் எத்தனையோ அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் 'யாரையும் கடிந்து ஒரு சொல் பேசாதவர்' என்றுதான் இருக்கும். எங்கள் அக்கா கடிந்து பேசியவர்கள். பேச வேண்டிய இடத்தில் பேசினார்கள், பேசியதற்காக அவமானப்பட்டார்கள். அதை மறைத்துவிட்டு எழுதினால் வேறு யாரோ ஒருவரைப் பற்றி எழுதியதாக ஆகிவிடும். ஆகவே கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் பாதி என்மேலேயே உள்ள கோபம்.

அக்கா வெம்பக்கோட்டைக்கு மேற்கே ஒரு சின்னக் கிராமத்தில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார்கள். மழையை நம்பிப் பருத்தியும் சோளமும் விதைக்கிற குடும்பம். இரண்டு வருடம் தொடர்ந்து மழை பொய்த்தபோது அப்பா நிலத்தைப் பங்காளியிடம் விட்டுவிட்டு, சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குச் சேர்ந்தார்கள். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். அக்காவைவிட நான் பத்து வயது இளையவன். எனக்குத் தலை சீவிவிட்டது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் அக்காதான். அதற்கு நடுவில் அவர்களும் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்ரைட்டிங் தேறினார்கள்.

சாத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்த வேலுச்சாமி மச்சானுக்கு அக்காவைக் கொடுத்தோம். பம்புசெட் தண்டும் தீப்பெட்டி மிஷின் பல்சக்கரமும் கடைந்து கொடுக்கிற பட்டறை அது. மச்சானுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சென்னைப் பக்கம் பழைய விமானத் தளம் ஒன்றில் அந்தக் காலத்தில் கார்ப் பந்தயம் நடக்கும். பந்தயத்துக்கென்றே செய்த கார்கள் ஒரு பக்கம் ஓடும். இன்னொரு பக்கம், வீட்டில் நாலு பேர் ஏறிப் போகிற சாதாரண செடான் கார்களை உள்ளுக்குள் மாற்றி ஓட்டுவார்கள். பின்சீட்டைக் கழற்றிவிடுவார்கள். எஞ்சினைத் திறந்து ஒவ்வொரு உறுப்பாக இழைத்து எடை குறைப்பார்கள். கவிழ்ந்தால் ஆள் நசுங்காமல் இருக்க உள்ளே குழாய்க் கூண்டு கட்டுவார்கள். சென்னையில் வசதியான இளைஞர் ஒருவரிடம் இருந்த ஹெரால்டு என்னும் சின்னக் காரை அப்படி மாற்றிக் கொடுத்தது எங்கள் மச்சான். எங்கோ கேள்விப்பட்டு வண்டியைச் சாத்தூருக்கே கொண்டுவந்து விட்டார் அந்த இளைஞர். ஏழு மாதம் அது பட்டறையில் நின்றது.

அந்த வண்டி தன்னைவிடப் பெரிய வண்டிகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளி ஜெயித்த அன்று அக்காவும் அங்கே இருந்தார்கள். "கோப்பையத் தூக்கிக் காட்டுறாக, எல்லாரும் கைதட்டுறாக. ஒங்க மச்சானைத் தேடுனா, மனுசன் வண்டிக்கடியில படுத்து என்னமோ முடுக்கிக்கிட்டுக் கெடக்காரு" என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

கல்யாணமான ஒன்பதாம் வருடம் மச்சான் மஞ்சள்காமாலையில் போய்விட்டார்கள். குழந்தை இல்லை. பட்டறையைக் கொடுத்துவிட்டு அக்கா விருதுநகரில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார்கள். மோட்டார் வாகனப் பிரிவு. விபத்தான லாரி, கார், வேன் ஒவ்வொன்றுக்கும் ஆர்.சி. புத்தகத்தின் நகலும், சேசிஸ் நம்பரின் பென்சில் பிரதியும் கோப்பில் இருக்க வேண்டும். வண்டியின் அடிச்சட்டத்தில் வெட்டிய எண்ணின்மேல் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் அப்படியே தாளில் ஏறும். அதுதான் பென்சில் பிரதி. வண்டிக்கு வண்ணம் மாறும், நம்பர் பிளேட் மாறும், எஞ்சின்கூட மாறும், அடிச்சட்டத்து எண் மாறாது. இதை அக்கா முப்பது வருடம் நாள்தோறும் பார்த்தார்கள்.

மச்சானின் பட்டறை நோட்டில் அந்த ஹெரால்டின் பென்சில் பிரதி ஒட்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வண்டி இப்ப எங்கன இருக்கும்?" என்று கேட்டார்கள். நான் இரும்புக் கடைக்குப் போயிருக்கும் என்றேன். "போயிருந்தா எந்தக் கடைன்னு தெரியணுமில்ல" என்றார்கள்.

அப்படித்தான் தொடங்கியது. பந்தயம் முடிந்த கார்களுக்கு நம் நாட்டில் யாரும் கணக்கு வைக்கவில்லை. கூண்டைக் கழற்றி, பின்சீட்டை மாட்டி, சாதாரணக் காராக விற்றுவிட்டார்கள். வாங்கியவருக்கு அது பந்தயக் கார் என்றே தெரியாது. அக்கா பழைய பத்திரிகைப் படங்களைத் தேடினார்கள். பழைய உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதினார்கள், யார் யாருக்கு விற்றார் என்று ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போனார்கள். மச்சானின் வண்டியைத் தேடும் வழியில் வேறு ஒன்பது பந்தயக் கார்களின் பூர்வீகத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் மாணவர்கள் பிரித்துப் பார்க்கும் வண்டியாக நின்றது. ஒன்று பெங்களூரில் ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே கோழி அடைக்கக் கிடந்தது. பழைய கார் வைத்திருப்பவர்கள் அக்காவுக்கு எழுதத் தொடங்கினார்கள். எல்லாக் கடிதமும் 'அன்புள்ள ஐயா' என்றே வரும். "நான் ஐயா அல்ல, அம்மா. தகவல் கீழே" என்று பதில் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் நம் சொந்தத்தில் கிடைத்த மரியாதை என்ன? விருதுநகரில் ஒரு கல்யாணப் பந்தியில், அக்கா காதில் விழும்படியே ஒருவர் சொன்னார்: "தாலியறுத்தவளுக்குக் கார் என்னத்துக்கு? கோயில் கொளம்னு போக வேண்டியதுதான?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சொன்னவரும் சிரித்தவர்களும் இந்த மலரை இப்போது கையில் வைத்திருக்கிறார்கள். அக்கா யாருடைய பணத்தில் அலைந்தார்கள்? தன் சம்பளத்தில், தன் பென்ஷனில். யார் வீட்டு வேலையை விட்டுவிட்டுப் போனார்கள்? உங்கள் பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பங்களை நிரப்பியது யார்? விபத்தில் நொறுங்கிய உங்கள் வேனுக்கு இன்சூரன்ஸ் பணம் வாங்கித் தர அலைந்தது யார்? அப்போது மட்டும் கார் விஷயம் தெரிந்த அக்கா தேவைப்பட்டார்கள்.

இனி என் பங்குக்கு வருகிறேன்.

நாலு வருடத்துக்கு முன்னால், பழைய கார்களைச் சேர்த்து வைத்திருக்கும் பெரிய மனிதர் ஒருவரிடமிருந்து என் அச்சகத்துக்கு ஆர்டர் வந்தது. பெயர் வேண்டாம். அவர் வேறு ஊர்க்காரர். அவருடைய கார்களைப் பற்றி ஆர்ட் பேப்பரில் ஒரு பெரிய படப் புத்தகம், கூடவே வருடாவருடம் காலண்டர். என் அச்சகத்துக்கு அதுவரை அப்படி ஒரு ஆர்டர் வந்ததில்லை. புரூஃப் பார்க்க அக்காவைத்தான் கூப்பிட்டேன், எழுத்துப் பிழை அவர்கள் கண்ணுக்குத் தப்பாது.

மூன்றாம் நாள் புரூஃபில் ஒரு பக்கத்தை எடுத்து என் மேசையில் வைத்தார்கள். சிவப்பு நிற ஹெரால்டு, அதன் கீழே அடிச்சட்டத்து எண்ணைக் கிட்டத்தில் எடுத்த படம். பக்கத்தில், அந்தப் பந்தயத்தில் ஜெயித்த கார் இதுதான் என்றும், இதைத் தம் கையாலேயே தயார் செய்தவர் உரிமையாளரின் தந்தை என்றும் எழுதியிருந்தது.

"ஏலே தம்பி, இது அந்த வண்டி இல்லலே" என்றார்கள்.

"நம்பர் ஒண்ணாத்தான இருக்கு அக்கா? நீங்க வச்சிருக்கிற நம்பர்தான இது?"

"நம்பர் அதேதான். ஆனா வெட்டுனது வேற. கம்பெனியில வெட்டுன மூணுங்கிற எண்ணுக்குத் தலை தட்டையா இருக்கும். இதுல உருண்டையா இருக்கு பாரு. யாரோ பின்னால வெட்டியிருக்காக." மச்சானின் நோட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தார்கள். நான் அச்சுக்காரன். இரண்டு எழுத்துரு வேறு என்று பார்த்த கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்தும் சொன்னேன்: "அக்கா, அச்சுக்குப் பிளேட் போட்டாச்சு. நாம பிரிண்ட் பண்றவுக. அதுல என்ன எழுதணும்னு சொல்ல நாம யாரு?"

அக்கா என்னைப் பார்த்தார்கள். "ஒங்க மச்சான் கையால செஞ்சத இன்னொருத்தன் அப்பன் செஞ்சான்னு ஒன் மிஷின்லயே அடிப்பியா?" என்றார்கள். அடித்தேன். ஒரு பிழையும் இல்லாமல், நல்ல பளபளப்போடு அடித்துக் கட்டிக் கொடுத்தேன்.

மதுரையில் ஒரு பெரிய ஓட்டல் மைதானத்தில் அந்தக் கார்களின் கண்காட்சி நடந்தது. அன்றுதான் புத்தக வெளியீடு. அச்சிட்டவன் என்ற முறையில் என்னையும் மேடை ஓரத்தில் நிற்க வைத்திருந்தார்கள். அக்கா வருவதாக என்னிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் தனியாக வந்திருந்தார்கள். கையில் அந்த நோட்டு, ஒரு டார்ச் லைட், பழைய செய்தித்தாள்.

நேரே அந்தச் சிவப்பு ஹெரால்டிடம் போனார்கள். புத்தகத்தில் இருந்த அதே வரிகளை எழுதிய பலகை அதன் முன்னால் இருந்தது. அங்கே நின்றவரிடம், "வண்டிக்கு அடியில ஒரு தடவ பாத்துக்கிடுறேன்" என்று கேட்டார்கள். ஓட்டுகிற ஆளின் சீட்டைத் தாழ்த்துவதற்காக மச்சான் தரைத் தகட்டை வெட்டி, கீழே வேறு தகடு வைத்து வெல்டு செய்திருந்தார்கள். மேலே எவ்வளவு மெழுகினாலும் அடியில் அது இருந்தே தீரும். இல்லையென்றால் வண்டி அது இல்லை. இதைத்தான் பார்க்க வந்திருந்தார்கள். அவர் முடியாது என்றார். அக்கா தரையில் செய்தித்தாளை விரித்தார்கள், அறுபதைத் தாண்டிய உடம்போடு மல்லாந்து படுத்து டார்ச்சை அடித்தார்கள்.

காவலாள் ஓடிவந்து கையைப் பிடித்து வெளியே இழுத்தார். சேலை முழங்கால்வரை ஏறிவிட்டது. சுற்றி நின்றவர்கள் செல்போனை எடுத்தார்கள். அந்தப் பெரிய மனிதர் மேடையிலிருந்து இறங்கி வந்து, சிரித்த முகத்தோடு சொன்னார்: "அம்மா, இது பட்டாசுக் கடை இல்ல, தொட்டுத் தொட்டுப் பார்க்க. வீட்ல ஆம்பளைங்க யாராவது இருந்தா வரச் சொல்லுங்க, பேசலாம்."

"அடியில தகடு இல்ல. இது அந்த வண்டி இல்ல" என்று அக்கா எழுந்து நின்று சத்தமாகச் சொன்னார்கள். நோட்டைத் திறந்து காட்டினார்கள். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. இரண்டு பேர் அக்காவை வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார்கள்.

வீட்டு ஆம்பளை நான் பத்தடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என் கையில் அவருடைய புத்தகங்கள் இருந்தன.

கொஞ்சம் கழித்துத்தான் நான் வெளியே ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்திருந்தது. "வலிக்குதா அக்கா?" என்று கேட்டேன்.

"அவன் கையப் பிடிச்சு இழுத்தது வலிக்கலலே. நீ அங்கன நின்ன பாத்தியா, அதுதான்" என்றார்கள். அதன்பிறகு ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

இதையெல்லாம் நம் வீட்டு விசேஷங்களில் நீங்கள் வேறு மாதிரிப் பேசினீர்கள். தம்பி பிழைப்பைக் கெடுக்கப் போனாள், பெரிய இடத்துப் பகையைச் சம்பாதித்தாள் என்றீர்கள். உங்களைத் திருத்த அன்று எனக்கு யோக்கியதை இல்லை. இன்று இருக்கிறதா என்றும் தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிறு முதல் அக்காவுக்கு நான் டிரைவர் ஆனேன். சென்னைக்காரர் அந்த ஹெரால்டை மதுரை டாக்டர் ஒருவருக்கு விற்றதும், டாக்டரிடமிருந்து விருதுநகர்ப் பருப்பு வியாபாரி வாங்கியதும், பிறகு சாத்தூரில் ஒலிபெருக்கிக் கடைக்காரர் ஒருவர் அதன் மேல் குழாய் கட்டித் தேர்தலுக்கும் கோயில் கொடைக்கும் ஓட்டியதும் அக்கா ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு தடம் இல்லை. கடைக்காரர் இறந்துவிட்டார். அவரிடம் வேலை பார்த்தவர்களை ஒவ்வொருவராகத் தேடினோம். ஏழாவது ஞாயிற்றுக்கிழமை ஒருவர், "அத வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு சம்சாரி வாங்கிட்டுப் போனாருல்லா" என்றார். நாடெல்லாம் கடிதம் போட்ட வண்டி, அக்கா பிறந்த ஊருக்கு மூன்று மைலில் இருந்தது.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், சோளத்தட்டை அடுக்கிய படப்பின் மறைவில் நின்றது. டயர் இல்லை. கதவு ஒன்று இல்லை. பச்சை வண்ணத்துக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே வெள்ளை தெரிந்தது. அந்த விவசாயியும் அவர் மனைவியும் எங்களை யாரென்றே அறியாதவர்கள். "வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல மோர் குடிங்க. வண்டி எங்கயும் ஓடிராது" என்றார் அந்தம்மா. அக்கா மோரைக் குடித்துவிட்டு, மண்ணெண்ணெயும் துணியும் கேட்டு வாங்கினார்கள். அடிச்சட்டத்தைத் துடைத்துத் தாளை வைத்துப் பென்சிலைத் தேய்த்தார்கள். ஒவ்வொரு எண்ணாக ஏறியது. மூன்று வந்தது, தலை தட்டையாக. கடைசி எண்வரை அதே எண்.

அப்புறம் அடியில் போய்ப் படுத்தார்கள். இந்த முறை டார்ச்சைப் பிடித்தது நான். தகடு இருந்தது. அக்கா வெல்டு ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனார்கள். "ஒங்க மச்சான் வேலைதான். மனுசனுக்குக் கடைசில பொறுமை இருக்காது. முடிக்கிற எடத்துல எப்பவும் தடிச்சுப் போகும். இந்தா, பாரு" என்றார்கள். என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார்கள். வெளியே வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்றார்கள்.

பழைய கார்களின் வரலாற்றைச் சரிபார்க்கும் சங்கம் ஒன்றுக்கு அக்கா கோப்பு அனுப்பினார்கள். ஏழு மாதம் கழித்து இரண்டு பேர் வெம்பக்கோட்டைக்கு வந்தார்கள். கூண்டு மாட்டிய துளைகள், தகடு, எண், பழைய படங்கள் எல்லாம் பார்த்தார்கள். உண்மையான பந்தயக் கார் இதுதான் என்று கடிதம் வந்தது. அந்தப் பெரிய மனிதரின் காருக்கு முன்னால் இருந்த பலகையை எடுத்துவிட்டார்கள். சத்தமில்லாமல் எடுத்தார்கள், ஒரு வரி வருத்தம்கூட இல்லாமல். அதே மாதம் அவருடைய ஆள் வெம்பக்கோட்டைக்கே போய், கொட்டகையில் நிற்கும் வண்டியை விலைக்குக் கேட்டான். அந்த விவசாயி, "அந்தக்காவைக் கேட்டுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். அவன் அக்காவிடம் வரவே இல்லை.

சங்கத்தின் கடிதத்தில் ஒரு வரி இருந்தது: 'காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்தவர்: தெரியவில்லை.' பட்டறை நோட்டு இருக்கிறது, வெல்டு இருக்கிறது, ஏழு மாதம் வண்டியைப் பார்த்த சாத்தூர்த் தெருக்காரர்கள் இரண்டு பேர் எழுதிக் கொடுத்த சாட்சி இருக்கிறது. போதாதாம், ரசீது வேண்டுமாம். அந்தப் பெரிய மனிதரின் தந்தை தயார் செய்தார் என்று இத்தனை வருடம் பலகையில் எழுதியிருந்தார்களே, அதற்கு யார் ரசீது கேட்டார்கள்? பணக்காரர் வாயால் சொன்னால் வரலாறு, பட்டறைக்காரர் மனைவி நோட்டைக் காட்டினாலும் 'தெரியவில்லை'. இதை அக்கா இன்னும் நயமான சொற்களில் ஐந்து கடிதம் எழுதிக் கேட்டார்கள். ஐந்துக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்றே பதில் வந்தது.

ஆறாவது கடிதத்தை மதுரை ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து சொல்ல, நான் எழுதினேன். சிறுநீரகம் இரண்டும் தளர்ந்து, பேசினாலே மூச்சு வாங்கியது. "மரியாதையா எழுது. ஆனா கெஞ்சாத" என்றார்கள். கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாம் நாள் காலை, நான் இட்லி வாங்கிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார்கள்.

காரியம் முடிந்த அடுத்த வாரம் நான் ஒரு திருத்தச் சீட்டு அச்சிட்டேன். நான் அச்சிட்ட அந்தப் புத்தகம் யார் யாருக்குப் போனது என்ற பட்டியல் என்னிடம் இருந்தது. அத்தனை பேருக்கும் அனுப்பினேன். 'இன்ன பக்கத்தில் உள்ள கார் அந்தப் பந்தயக் கார் அல்ல. உண்மையான கார் வெம்பக்கோட்டையில் இருக்கிறது. அதைத் தயார் செய்தவர் சாத்தூர் லேத் பட்டறை வேலுச்சாமி. கண்டறிந்தவர் அவர் மனைவி. தெரிந்தே தவறாக அச்சிட்டவன் நான்.' காலண்டர் ஆர்டர் போயிற்று. போகட்டும். அக்கா இருக்கும்போதே செய்திருக்க வேண்டியதை அக்கா போனபின் செய்தேன். அதற்கு எனக்கு மன்னிப்புக் கிடையாது.

அக்காவின் இறுதி நாட்களில் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி. சாட்சி எழுதிக் கொடுத்த சாத்தூர்ப் பெரியவர்கள் இருவருக்கும், தங்கள் கார்களின் பூர்வீகத்தைச் சொன்ன நன்றிக்காகத் தொலைதூரத்திலிருந்து வந்து மாலை போட்டுப் போன கார் உரிமையாளர்களுக்கும் நன்றி. வண்டிக்குத் தகரக் கூரை போட்டு இன்றும் காத்து வரும் வெம்பக்கோட்டைத் தம்பதியருக்கு என்ன சொல்லியும் தீராது. பந்தியில் சிரித்தவர்களும் வந்திருக்கிறீர்கள், வந்ததற்கு நன்றி. இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.

ஒருவருக்கு மட்டும் நன்றி இல்லை. போன வாரம் அந்தப் பெரிய மனிதரின் அலுவலகத்திலிருந்து இந்த மலரில் போடச் சொல்லி, அவர் படத்தோடு ஒரு முழுப்பக்கக் கண்ணீர் அஞ்சலி வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். அவருடைய ஆள் போன் செய்து, "ஐயா பெரிய மனசோட அனுப்பியிருக்காங்க, ஏன் இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டார். "கண்ணீரெல்லாம் வேண்டாம். மதுரையில அக்காவத் தரையிலருந்து இழுக்க விட்டது தப்புன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்க. அத முழுப்பக்கத்துல போடுறேன்" என்றேன்.

மலர் மிஷினில் ஏறும் இந்த நேரம்வரை அந்த ஒரு வரி வரவில்லை.